பூட்டிய கதவுக்குள் இருந்தே தொடங்கலாம்: உயிர்ப்பின் நம்பிக்கையோடு பயத்தை எதிர்கொள்ளக் கொழும்பு வாசகருக்கு ஒரு வழிகாட்டி

கிறிஸ்துவை நம்பிவிட்டால் பயம் அன்றோடு தீர்ந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதை முதலில் ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். நற்செய்தி நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. இயேசு உயிர்த்தெழுந்த அன்று மாலை சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். பயத்தினால்தான் என்று யோவான் மறைக்காமல் எழுதுகிறார். இயேசு அந்தப் பூட்டிய அறைக்குள்ளேயே வந்து நின்று, "உங்களுக்குச் சமாதானம்" என்கிறார். எட்டு நாள் கழித்துச் சீடர்கள் மறுபடியும் கூடுகிறார்கள். அவரைக் கண்ணால் கண்டவர்கள்தான். ஆனாலும் அன்றும் கதவு பூட்டித்தான் கிடக்கிறது (யோவான் 20:26).

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்கள், பல வருடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ வேலைக்காகக் கொழும்புக்கு வந்து தனி அறையில் இருப்பவர்கள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். என் வாதம் சுருக்கமானது. உயிர்ப்பு நம் பயத்தை ஒரே நாளில் துடைத்தெடுப்பதில்லை. பயத்தின் கையில் இருந்த கடைசித் துருப்புச் சீட்டைப் பறித்துவிடுகிறது. மரணம்தான் அந்தத் துருப்பு. அது போன பிறகு மிச்சமிருக்கும் பயத்தோடு எப்படி நடந்து பழகுவது என்பதற்குத்தான் கீழே வரும் படிகள். வரிசை மாறினாலும் பாதகமில்லை. முதல் இரண்டை மட்டும் தவறவிடாதீர்கள்.

1. எதற்குப் பயம் என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் போதாது. நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் ஏன் நெஞ்சு திடுக்கிடுகிறது? இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுக்கப் போகாமல் ஏன் நாளைக் கடத்துகிறீர்கள்? வெளிநாட்டில் இருக்கும் மகன் இரண்டு நாள் பேசாவிட்டால் மனம் எங்கே ஓடுகிறது? கொழும்புத் தமிழருக்கு இந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் நின்று பழகியவர், இன்றும் சீருடையைக் கண்டால் அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார். அதற்குப் பின் வந்தவர்களுக்கு, உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்த 2019 ஏப்ரல் 21 இருக்கிறது. 2022இல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நின்ற வரிசைகள் இருக்கின்றன.

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் "அப்படி நடந்துவிட்டால், பிறகு?" என்று கேளுங்கள். பதிலுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். நான்கைந்து முறை கேட்டால் பெரும்பாலானவை சாவிலோ, பிரிவிலோ, அவமானத்திலோ போய் முட்டும். எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. மரண பயத்தினால் வாழ்நாள் முழுவதும் அடிமைகளாகக் கிடந்தவர்களை விடுவிக்கவே கிறிஸ்து நம்மைப்போல் மாம்சமும் இரத்தமும் உடையவரானார் என்கிறது (2:14–15). மனிதனை அடிமையாக்குவதாக அந்த நிருபம் சொல்வது மரணத்தின் பயத்தை என்பதைக் கவனித்து வாசியுங்கள்.

பட்டியலில் உண்மையான ஆபத்து என்று ஏதேனும் இருந்தால் அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஆபத்துக்கு முன்னெச்சரிக்கைதான் மருந்து. எருசலேமின் மதிலைக் கட்டியபோது நெகேமியா ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார். அப்போஸ்தலர் பவுலைக் கொல்லத் தமஸ்குவில் ஆட்கள் காத்திருந்தபோது சீடர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். அவரும் மறுக்காமல் இறங்கினார். வீட்டில் அடிக்கிற கணவனைச் சகித்துக்கொண்டு இருப்பதைச் "சிலுவை" என்று யாராவது உங்களுக்குப் போதித்தால், அந்தக் கூடையை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

2. உயிர்ப்புப் பகுதிகளை இந்த வரிசையில் வாசியுங்கள்

புதியவர்கள் பலர் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் களைத்துவிடுகிறார்கள். உங்கள் காரியத்துக்கு அது வேண்டாம். நாளுக்கு ஒரு பகுதியாக இதை வாசியுங்கள்: மாற்கு 16:1–8, மத்தேயு 28, லூக்கா 24, யோவான் 20, யோவான் 21, பிறகு 1 கொரிந்தியர் 15. அதன்பின் அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் ஐந்து அதிகாரங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கொரிந்தியர், நடபடிகள் ஆகியவற்றின் தலைப்புகள் சற்று வேறாக இருக்கும், எண்கள் ஒன்றுதான்.

மாற்குவை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த நற்செய்தி 16:8உடன் நின்றுவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள். பயந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. உயிர்ப்பின் செய்தியைக் கேட்ட முதல் ஆட்கள் வாயடைத்து ஓடியதைத் திருச்சபை அழிக்காமல் வைத்திருக்கிறது. மத்தேயுவோ அதே பெண்கள் "பயத்தோடும் மகா சந்தோஷத்தோடும்" ஓடினார்கள் என்கிறார். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

1 கொரிந்தியர் 15க்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஏறக்குறைய கி.பி. 55இல், அதாவது சிலுவை மரணம் நடந்து கால் நூற்றாண்டுக்குள், பவுல் எழுதியது அது. உயிர்த்தவரைக் கண்டவர்களை அவர் வரிசைப்படுத்துகிறார்: கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லோரும், கடைசியாகத் தான். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறார். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதுபோல் இருக்கிறது அது. யாக்கோபின் பெயரிலும் சற்று நில்லுங்கள். இயேசு உயிரோடிருந்த காலத்தில் அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. பிறகு அந்த யாக்கோபுதான் எருசலேம் சபையின் தலைவர்களில் ஒருவர். கி.பி. 62இல் அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டார் என்பதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு பதிவு செய்திருக்கிறார்.

பேதுருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் கரி நெருப்பருகே குளிர்காய்ந்தபடி, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர் அவர். கடற்கரையில் இன்னொரு கரி நெருப்பருகே "என்னை நேசிக்கிறாயா?" என்று உயிர்த்த இயேசுவால் மூன்று முறை கேட்கப்பட்டவரும் அவரே. பெந்தெகொஸ்தே நாளில் அதே எருசலேமில் எழுந்து நின்று பேசினார். இதோடு நிறுத்திவிடும் பிரசங்கங்களை நிறையக் கேட்டிருப்பீர்கள். கலாத்தியர் 2ஐயும் புரட்டுங்கள். சில வருடங்கள் கழித்து அந்தியோகியாவில், யாக்கோபிடமிருந்து வந்த ஆட்களுக்குப் பயந்து, யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிடுவதைப் பேதுரு நிறுத்திக்கொள்கிறார். பவுல் முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். உயிர்த்தவரைக் கண்டவரே மறுபடி பயந்திருக்கிறார். உங்களுக்கு மறுபடி பயம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று கணக்கு முடிக்க வேண்டாம்.

3. ஒரு கோவிலைத் தேர்ந்தெடுத்து அங்கேயே போங்கள்

கொழும்பில் தமிழ் வழிபாட்டுக்குப் பஞ்சமில்லை. கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கங்களில் கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், சுயாதீன சபையினர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். தமிழ்த் திருப்பலி அல்லது ஆராதனை எத்தனை மணிக்கு என்று வாசற்பலகையில் பாருங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்தில் கேளுங்கள். சில வாரம் ஒரே இடத்துக்குப் போங்கள். வாரம் ஒரு சபையாகச் சுற்றினால் பாட்டு நன்றாக இருக்கும் இடம் தெரியவரும். உங்கள் பெயரைச் சொல்லி அழைக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டி வந்தால் முகம் சுளிக்காதீர்கள். தமிழர், சிங்களவர், சைவர், பௌத்தர் என்று எல்லோரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். பூக்கட்டும் பெண்ணுக்கு இரண்டு மொழியிலும் விலை சொல்லத் தெரியும். இந்தத் தலத்தின் தொடக்கமே ஒரு பயந்த காலத்தில்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தபோது, வியாபாரி வேடத்தில் மறைந்து பணிசெய்த ஒரு குருவிலிருந்து அதன் மரபு வரலாறு தொடங்குகிறது. அதே ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியவர்தான் யோசேப்பு வாஸ் என்ற குரு. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் மாண்டவர்களில் பலர் சிறுவர்கள். அடுத்த ஞாயிறு கோவில்களில் திருப்பலி இல்லை. மக்கள் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்து கலந்துகொண்டார்கள். அதாவது, கதவைப் பூட்டிக்கொண்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யோவான் 20இல் நடந்ததுதான். ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல் நாள், கொச்சிக்கடைக் கோவில் மறுபடி திறந்தது. கட்டுவப்பிட்டியவில் இரத்தம் தெறித்து நின்றது உயிர்த்த இயேசுவின் சொரூபம். இறந்தவர்களின் குடும்பங்கள் நீதி கேட்டு நீதிமன்றம் ஏறின. 2023 ஜனவரியில், அடிப்படை உரிமை மனுக்கள் மீது, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுமை வாழ்வு உண்டு என்று நம்புகிறவன் இந்த உலகத்தின் கணக்கைக் கேட்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அரசாங்கத்திடம் கேள்வி கேட்ட அந்தத் தாய்மார்களின் துணிச்சலையும் உயிர்ப்பின் பலன்களில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

வழிபாட்டில் விசுவாச அறிக்கை சொல்லும்போது, உடல் உயிர்த்தெழும் என்ற இடம் வரும். முதல் மாதத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் சும்மா நின்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்வார்கள். சீடர் தோமாவும் எட்டு நாள் நம்பாமல்தான் அந்தக் கூட்டத்தில் இருந்தார். யாரும் அவரை வெளியே தள்ளவில்லை.

ஒரு எச்சரிக்கை. பயம் பாவம் என்று மிரட்டுகிறவர், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், காணிக்கை கொடுத்தால் கட்டு அறும் என்கிறவர், பிசாசைப் பற்றிக் கிறிஸ்துவைவிட அதிகமாகப் பேசுகிறவர்: இவர்களில் யாரைக் கண்டாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

4. ஜெபத்தைச் சின்னதாக வையுங்கள்

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3). காலையில் கதவைத் திறக்கும் முன் ஒரு முறை, இரவில் ஒரு முறை. பஸ்ஸில் நெஞ்சு படபடத்தால் இன்னொரு முறை. தொடக்கத்துக்கு இது போதும். ஒரு மணிநேர ஜெபம் என்று தீர்மானம் எடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

5. பயம் இருக்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள்

துணிச்சல் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. கொரிந்துவுக்குப் போனபோது தான் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாகப் பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 2:3). ஆனாலும் போனார். உங்கள் கொப்பிப் பட்டியலில் ஆகச் சிறியதை எடுத்து இந்த வாரம் செய்யுங்கள். அறிக்கையை எடுத்துவாருங்கள். பேசாமல் விட்ட அண்ணனுக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.

என்ன செய்வதென்று தெரியாவிட்டால் ஒரு செத்தவீட்டுக்குப் போங்கள். சாவுக்குப் பயந்தவர்கள் அதைத்தான் ஆகக் கூடுதலாகத் தவிர்க்கிறார்கள். "நேரமில்லை" என்று சொல்லி 31ஆம் நாள் பூசைக்கு மட்டும் தலைகாட்டுவார்கள். ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டியிருக்கும், வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருக்கும். உள்ளே போய்ப் பெட்டியருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். முகத்தைப் பாருங்கள். உங்கள் கை நடுங்கலாம். அது உங்களுக்குத்தான் தெரியும். பிறகு வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, "அக்கா, நான் வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். "கடவுளின் சித்தம்", "நல்ல இடத்துக்குப் போய்விட்டார்" என்ற வாசகங்கள் வேண்டாம். இறந்துபோன நண்பர் லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அங்கே நின்று அழுதார். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கப்படவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

கதிரையில் அரைமணிநேரம் இருங்கள், தேநீர் தந்தால் குடியுங்கள். மறுநாள் சேமக்காலை வரை போக முடிந்தால் போங்கள். குழிக்குள் மண் விழும் சத்தம் கேட்கும்போது, 1 கொரிந்தியர் 15இல் நீங்கள் வாசித்த "மரணமே! உன் கூர் எங்கே?" என்ற வரிக்கு வேறு கனம் வரும். சில செத்தவீடுகளுக்குப் பிறகு, மற்றவர்கள் உங்களை அழைத்துக்கொண்டு போகத் தொடங்குவார்கள். பயந்த ஆளுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் காணவில்லை.

6. பயம் வெறுப்பாக மாறுகிறதா என்று பாருங்கள்

2019 மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குண்டு வைத்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத மக்கள் அவர்கள். தமிழராகிய நமக்கு 83இலிருந்தே இந்தக் கணக்குத் தெரியும். எங்கோ யாரோ செய்ததற்குத் தெருவில் உள்ளவன் பதில் சொல்ல வேண்டி வரும். தெரிந்தும், பயந்தவுடன் நாமும் அதே வேலையைச் செய்கிறோம். பஸ்ஸில் பர்தா அணிந்த பெண்ணின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டு வருகிறீர்களா? அதையும் கொப்பியில் எழுதுங்கள். பிறகு அந்த இருக்கையில் உட்காருங்கள். புறக்கோட்டையில் நீங்கள் போகாமல் விட்ட கடைக்கு மறுபடி போய்த் துணி வாங்குங்கள், விலையும் பேசுங்கள்.

7. வீட்டில் சொல்வது

சைவக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு வெடிகுண்டைவிட அம்மாவின் முகம்தான் பெரிய பயம். மறைத்துச் செய்யாதீர்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். "நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் போகிறேன், அம்மா. எனக்கு அங்கே ஆறுதலாக இருக்கிறது" என்பது உண்மை, அது முதல் நாளுக்குப் போதும். சாமியறைப் படங்களைப் பற்றி ஒரு சொல்லும் தவறாகப் பேசவேண்டாம். அப்பாவின் அந்தியேட்டிக்கு வீட்டுப் பிள்ளையாக நின்று விறகு வாங்குவது, பந்தி பரிமாறுவது எல்லாம் செய்யுங்கள். சடங்கில் எதில் கலந்துகொள்ளலாம், எதில் ஒதுங்கி நிற்கலாம் என்பதைக் குருவிடமோ போதகரிடமோ முன்கூட்டியே பேசித் தீர்மானித்தால், அந்த நேரத்தில் சண்டை வராது.

8. வைத்தியரும் வேண்டும்

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் மூச்சு அடைக்கிறது, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஜெபத்தோடு வைத்தியரையும் பாருங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும். கால் முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் விசுவாசம் குறைந்தவன் என்று யாரும் சொல்வதில்லை.

9. பாஸ்கா இரவுக்கு வாருங்கள்

திருமுழுக்குப் பெற விரும்பும் பெரியவர்கள் பல மாதங்களுக்கு முன்பே பங்குத்தந்தையிடம் பெயர் கொடுக்கவேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் அவர்களுக்கான நாள், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய சனி இரவின் திருவிழிப்பு. ஏற்கெனவே முழுக்குப் பெற்றவர்களும் அன்று வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். விளக்கெல்லாம் அணைத்து, வெளியே புதிய நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றுவார்கள். அந்தச் சுடர் கைக்குக் கை மாறி உங்களிடம் வரும். அதன்பின் வாசகங்கள் நீளமாகப் போகும். முதல் முறை வருகிறவர்களுக்கு நடுவில் கண் சொருகும், பரவாயில்லை.

சில நடைமுறைகள்: இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே போங்கள். பெரிய பை கொண்டுபோகாதீர்கள், சோதனை வரிசை நீளமாக இருக்கும். மெழுகுதிரிக்குக் கடதாசிக் கிண்ணம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மெழுகு உங்கள் கையிலும் முன்னால் நிற்பவரின் சேலையிலும் சொட்டும். முடிய நள்ளிரவு ஆகலாம், அந்த நேரத்தில் பஸ் கிடைக்காது. முச்சக்கர வண்டிக்கு முதலிலேயே பேசி வையுங்கள், அல்லது அதே பக்கம் போகும் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மெதடிஸ்த, அங்கிலிக்க சபைகளின் விடியற்கால ஆராதனை வசதியாக இருக்கும். எத்தனை மணிக்கு என்று முந்தின ஞாயிறே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று வாசலில் யாராவது சொன்னால், "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்பது பதில். அன்றிலிருந்து பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள். அந்த நாட்களில் கொப்பியின் பட்டியலில் அடுத்த வரியை எடுக்கலாம்.